பேசும்முன் அறிவிக்க வேண்டியது

காஸ்ட்ரீஸ்
14 மார்ச் 1994

மதிப்பிற்குரிய செனட்டர் ஃபெவ்ரியே அவர்களுக்கு,

வணக்கம். இப்படி ஒரு கடிதம் எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவைக்குறிப்புப் பிரிவில் வேலை செய்பவர்கள் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதக் கூடாது. திருத்தச் சீட்டில் பக்கத்தையும் வரியையும் குறித்து, 'சொல் தெளிவாக இல்லை' என்று கேட்கலாம். அவ்வளவுதான். நானும் அந்தச் சீட்டில்தான் எழுத ஆரம்பித்தேன். இடம் போதவில்லை.

என் பெயர் லியோனிஸ் ப்ரோஸ்பேர். நீங்கள் என்னைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவைக்குப் பின்னால் உள்ள அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து ஒலிநாடாவை முன்னும் பின்னும் ஓட்டி, நீங்கள் எல்லாரும் பேசியதைத் தட்டச்சு செய்கிறேன். பதினோரு மாதமாக உங்கள் குரல் எனக்குப் பழக்கம். பேசத் தொடங்கும்முன் மூக்குக்கண்ணாடியை மேசைமேல் வைக்கும் சத்தம்கூடத் தெரியும்.

பிப்ரவரி 22ஆம் தேதி நீங்கள் பேசியதன் திருத்தப்படாத படி இத்துடன் இருக்கிறது. பதினான்காம் பக்கத்தில் சிறையைப் பற்றிச் சொல்கிறீர்கள். விசாரணைக்காகக் காத்திருக்கும் டென்னரி இளைஞன் ஒருவனுக்கு இதுவரை பதினேழு வாய்தா கொடுத்திருக்கிறார்கள் என்று. நீங்கள் சொன்னபடியே அடித்திருக்கிறேன். மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் பதினேழு அல்ல, பத்தொன்பது. அடுத்த முறை சரியான எண்ணிக்கையைச் சொன்னால் நல்லது என்று தோன்றியது. ஒரு எண் தப்பாக இருந்தால் போதும், எதிரே இருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடுவார்கள். பதினோரு மாதமாக அதையும் கேட்டுவருகிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் என் அண்ணன். பெயர் அம்புரோஸ். 1990 ஜூலையில் ஒரு படகின் எஞ்சின் காணாமல்போன வழக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் எடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. விசாரித்துச் சொல்ல வேண்டியவர்கள் மூன்று வருடம் எட்டு மாதமாகச் சொல்லவில்லை.

போன வாரம் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினீர்கள். கால் தேவலையா? நானும் அம்மாவும் சுகம்.

பணிவுடன்,
லியோனிஸ் ப்ரோஸ்பேர்


மிக்கூ
22 மார்ச் 1994

அன்புள்ள மிஸ் ப்ரோஸ்பேர்,

கடிதம் வந்தது. முழங்காலைத் தவிர நான் நலம். இருபத்தாறு வருடம் மாவட்டச் செவிலியாக மலையேறி இறங்கிய கால். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, அதற்கு ஒன்றும் கிடையாது, அதனால் கோபித்துக்கொள்கிறது.

பத்தொன்பது. குறித்துக்கொண்டேன். பதினேழு என்று எனக்குச் சொன்னவர் சிறைக்காவலர். அவர் அங்கே வேலைக்கு வருவதற்குமுன் இரண்டு போயிருக்கும்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஆறு வருடமாக அந்த அவையில் பேசுகிறேன். நான் பேசியதைக் கடைசி வரி வரைக்கும் கேட்ட முதல் ஆள் நீயாகத்தான் இருக்க வேண்டும். எதிர்க்கட்சியில் நாங்கள் மூன்று பேர். நான் எழுந்தால் மற்ற இருவரும் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஆளுங்கட்சிக்காரர்களாவது உட்கார்ந்து தூங்குகிறார்கள். அது ஒரு மரியாதைதான்.

குற்ற விசாரணை முறை மசோதா கீழவையிலிருந்து எங்களிடம் வரப்போகிறது. அதன் ஒன்பதாம் பிரிவுக்கு நான் ஒரு திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன். விசாரணை இல்லாமல் இரண்டு வருடம் அடைபட்டுக் கிடப்பவர் யாராக இருந்தாலும் முப்பது நாளுக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும், முடியாவிட்டால் வெளியே விட வேண்டும். அவ்வளவுதான். அவர்கள் ஆறு பேர், நாங்கள் மூன்று, கட்சி சாராதவர் இரண்டு. முடிவு தெரிந்ததுதான். இருந்தாலும் கொண்டுவருவேன்.

உன் அண்ணனுக்கு ஜாமீன் கேட்கவே இல்லையா? திருட்டு வழக்குக்குக் கொடுப்பார்களே. என்ன ஆயிற்று என்று எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

யூலாலி ஃபெவ்ரியே


காஸ்ட்ரீஸ்
18 ஏப்ரல் 1994

மதிப்பிற்குரிய செனட்டர் அவர்களுக்கு,

நலம். ஈஸ்டர் நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். ஈஸ்டருக்கு இரண்டு நாள் டென்னரிக்குப் போயிருந்தேன். அம்மா உங்கள் விசாரிப்பைக் கேட்டுவிட்டு, "செனட்டர் என்னயா கேட்டாங்க? நெஜமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

பேருந்தில் உங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. எழுதலாமா என்று யோசித்தேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். முந்தைய கூட்டத்தின் அவை நடவடிக்கையை ரேடியோவில் மறுபடி போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"இது நம்ம ஃபெவ்ரியே நர்ஸ்தானே?"

"அவளேதான். நல்லாத்தான் பேசுறா. பேசி என்ன? அந்தப் பக்கம் ஆறு பேர் தலைய ஆட்டினா முடிஞ்சுது."

"என் ரெண்டு பிரசவமும் அவதான் பார்த்தா. அப்பல்லாம் அவ கைய வெச்சா ஏதாவது ஒண்ணு வெளிய வரும்."

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "இப்ப வாய மட்டுந்தான வெச்சிருக்கா" என்றார். பேருந்தே சிரித்தது. மலை முகட்டைத் தாண்டியதும் ரேடியோ கரகரத்து நின்றுவிட்டது. யாரும் வேறு நிலையம் மாற்றச் சொல்லவில்லை. சிரித்தவர்கள்தான், நீங்கள் சொல்லி முடித்தீர்களா என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிறுதோறும் அம்மா சிறைக்கு வருகிறார். அவித்த பச்சை வாழைக்காயும் உப்பு மீனும் எடுத்துவருவார். வாசலில் காவலர் முள்கரண்டியால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். நீங்கள் அவையில் சொன்னதை நான் அம்புரோஸிடம் சொன்னேன்.

"லியோ, நீ அடிக்கிற புத்தகத்துல என் பேரு வருதா?"

"பேர் வராது. டென்னரிக்காரன்னு மட்டும் வருது."

"அது போதும். எவனா இருக்கும்னு ஊர்ல ஒவ்வொருத்தனும் பயப்படட்டும்."

பிடித்துக்கொண்டு போனபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. இன்னும் விளையாட்டாகத்தான் பேசுகிறான். ஆனால் ஒன்று கவனித்தேன். முன்பெல்லாம் 'வெளியே வந்ததும்' என்று தொடங்குவான். இப்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டான்.

ஒன்பதாம் பிரிவை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

பணிவுடன்,
லியோனிஸ்


மிக்கூ
9 மே 1994

அன்புள்ள லியோனிஸ்,

நான் நலம், நீ நலமாக இரு. பேருந்துக் கதையைப் படித்துச் சிரித்தேன். அந்த ஓட்டுநர் யாரென்று தெரியும். அவனையும் வெளியே எடுத்தது நான்தான்.

மே 3ஆம் தேதி நடந்ததை நீ ஏற்கெனவே தட்டச்சு செய்திருப்பாய். நாற்பது நிமிடம் பேசினேன். பத்தொன்பது என்று சொன்னேன். ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒருவர், "லா ரோஸ் பாட்டுச் சங்கத்துத் திருவிழாவுல விளையாட்டுக்கு நீதிபதி வேஷம் கட்டுறவனுக்குக்கூட உங்கள விட அதிகாரம் ஜாஸ்தி, உக்காருங்க" என்றார். "ஆமாம், அங்க வழக்க அன்னைக்கே முடிச்சிடுறாங்க" என்றேன். அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் மேசை தட்டியது. நாற்பது நிமிடத்தில் அவர்கள் கேட்டது அந்த ஒரு வரிதான்.

நாடாவில் இல்லாதது ஒன்று உண்டு. தேநீர் அறைக்குச் சட்டத்துறை அமைச்சர் என்னைத் தேடி வந்தார்.

"யூலாலி, உங்க திருத்தம் நியாயமானதுதான். ஆனா உங்க பேர்ல வந்தா எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. என் பேர்ல வரட்டுமே."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். பேசாம உக்காந்திருங்க. ஓட்டு கேக்கும்போது ஆம்னு சொல்லுங்க. எதிர்க்கட்சியும் ஒத்துக்கிச்சுன்னு நான் கீழவையில காட்டணும்."

"பேசாம இருக்கறது எனக்குக் கஷ்டமாச்சே."

"தெரியும். அதனாலதான் வந்து கேக்கறேன்."

ஒப்புக்கொண்டேன். பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? ஆனால் எங்கள் கட்சித் தலைவர் வேறு திட்டத்தில் இருக்கிறார். மசோதாவைப் படிக்கப் போதிய நாள் கொடுக்கவில்லை என்று சொல்லி, ஜூன் 21ஆம் தேதி பிரிவு பிரிவாக எடுக்கும்போது மூன்று பேரும் வெளிநடப்பு செய்ய வேண்டுமாம். நான் நடந்து வெளியே போனால் அமைச்சருக்குச் சாக்குக் கிடைத்துவிடும். உட்கார்ந்தால், என்னை நியமித்த தலைவருக்கு என்னை எடுத்துவிடச் சாக்குக் கிடைத்துவிடும்.

போன கடிதத்தில் ஜாமீன் பற்றிக் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. மறந்தாயா?

அன்புடன்,
யூலாலி ஃபெவ்ரியே


காஸ்ட்ரீஸ்
27 ஜூன் 1994

அன்புள்ள மிஸ் ஃபெவ்ரியே,

செனட்டர் என்று எழுதாததற்குக் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அன்று நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு இப்படித்தான் எழுத வருகிறது. நான் நலம். நீங்கள் அன்றிரவு தூங்கினீர்களா?

ஒலிப்பதிவு செய்பவருக்குக் காய்ச்சல் என்று என்னை அவைக்குள் அனுப்பியிருந்தார்கள். தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதுவரை காதால் மட்டும் கேட்ட அவையை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எல்லாரும் குரலைவிடச் சிறியவர்களாக இருந்தார்கள். நீங்கள் மட்டும் கொஞ்சம் உயரம்.

உங்கள் கட்சிக்காரர் இருவரும் எழுந்தார்கள். ஒலிவாங்கிகள் எல்லாவற்றையும் பிடித்துவிட்டன. அவைக்குறிப்பில் சேர்க்கக் கூடாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

"வர்றீங்களா இல்லையா?"

"நீங்க போங்க."

"தலைவர் மேல மாடத்துல இருந்து பார்த்துக்கிட்டு இருக்கார்."

"நல்லா பார்க்கட்டும். நான் எங்கயும் ஒளிஞ்சுக்கலையே."

அவர்கள் போனதும் உங்கள் வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலி. அதில் ஒன்றின்மேல் உங்கள் கைப்பையை எடுத்து வைத்தீர்கள். பிறகு பிரிவுகளை எடுத்தார்கள். ஒன்பதாம் பிரிவு வந்தது. சட்டத்துறை அமைச்சர் எழுந்து உங்கள் திருத்தத்தைப் படித்தார். ஒரு சொல்லும் மாற்றவில்லை. 'அடைபட்டிருப்பவர்' என்ற இடத்தில் தடுக்கியதால் திரும்பப் படித்தார். எனக்கு மனப்பாடம் என்பதால் என் உதடும் கூடவே அசைந்தது. "ஏற்போர் ஆம் என்க" என்றார் அவைத்தலைவர். உங்கள் குரலைக் கேட்டேன்.

தட்டச்சு செய்யும்போது 'சட்டத்துறை அமைச்சர் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்பட்டது' என்று அடித்தேன். அந்தப் பக்கத்தில் உங்கள் பெயர் எங்கும் இல்லை. 'உறுப்பினர்கள் சிலர்: ஆம்' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குள் இருக்கிறீர்கள்.

அம்மாவிடம் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான். "எப்ப வருவான்?" சட்டம் நடைமுறைக்கு வந்து முப்பது நாளில் என்றேன். அம்மா விரலை மடக்கி ஆகஸ்ட் என்று சொல்லிக்கொண்டார். மறுநாள் அவன் படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாராம். பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, மழை வராதபோதே துவைத்துவிடலாம் என்று சொன்னாராம்.

இன்னும் எழுத இருக்கிறது. இன்று வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லியோனிஸ்


மிக்கூ
4 ஜூலை 1994

அன்புள்ள லியோனிஸ்,

சுகம்தான். தலைவர் என்னோடு பேசுவதில்லை. கட்சி அலுவலகத்தில் தேநீர்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதை விடு.

அவசரமாக ஒன்று. மசோதாவின் முதல் பிரிவை நேற்றுத்தான் நிதானமாகப் படித்தேன். 'அமைச்சர் அரசிதழில் அறிவிக்கும் நாளிலிருந்து இச்சட்டம் நடைமுறைக்கு வரும்.' எந்த நாள் என்று இல்லை. எத்தனை மாதத்துக்குள் என்றும் இல்லை. அவர் அறிவிக்கும்வரை அது வெறும் காகிதம். 'தேதி போடுங்கள்' என்று அன்று நான் எழுந்து சொன்னதாக நினைவு. நிச்சயமாகச் சொன்னேன் என்றே நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அதை வைத்து அமைச்சரைக் கேட்கலாம். நாடாவைப் போட்டுப் பார்த்து எழுது.

யூலாலி ஃபெவ்ரியே


காஸ்ட்ரீஸ்
29 ஜூலை 1994

அன்புள்ள மிஸ் ஃபெவ்ரியே,

பதில் தாமதமானதற்கு உடல்நலக் குறைவு என்று எழுதலாம். ஆனால் நான் நன்றாகத்தான் இருந்தேன்.

நாடாவை நான்கு முறை ஓட்டிக் கேட்டேன். முதல் எட்டுப் பிரிவுகளையும் தனித்தனியே எடுக்கவில்லை. அவைத்தலைவர், "ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிரிவுகள் மசோதாவில் இடம்பெறலாம் என்போர் ஆம் என்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். அதற்குப் பல குரல்கள் ஆம் என்கின்றன. எல்லாவற்றிலும் தெளிவாகக் கேட்பது உங்களுடையது. அதன்பின் ஓர் இருமல். பிறகு தாள் புரளும் சத்தம். நீங்கள் ஒன்பதாம் பிரிவு உள்ள பக்கத்தைத் திருப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வேறு எதுவும் இல்லை. நீங்கள் எழவில்லை.

இதை நான் ஜூன் 23ஆம் தேதியே கேட்டுவிட்டேன். முதல் பிரிவில் தேதி இல்லை என்பதையும் அன்றே மசோதாவில் பார்த்துவிட்டேன். அம்மா விரலை மடக்கி எண்ணியதை உங்களுக்கு எழுதும்போது எனக்குத் தெரியும். அம்மாவிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. மன்னியுங்கள்.

லியோனிஸ்


மிக்கூ
30 செப்டம்பர் 1994

அன்புள்ள லியோனிஸ்,

இரண்டு மாதம் உனக்கு எழுதாமல் இருந்தேன். உன்மேல் கோபம் இல்லை. நான் கேட்டதை நீ பார்த்துச் சொன்னாய். உன் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் என் மனம் நோகாமல் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு எனக்கு நல்லவராகியிருப்பார். அப்படி ஒரு ஆசை எனக்கு அந்த ஜூலையில் இருந்தது என்று உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பதாம் பிரிவுக்காக மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் முதல் எட்டையும் போகவிட்டேன். எத்தனை பிரசவம் பார்த்தவள். குழந்தை வந்துவிட்டது என்று தாயைக் கவனிக்காமல் விடுவார்களா? விட்டேன்.

போன வாரம் கேள்வி கேட்டேன். நீ தட்டச்சு செய்திருப்பாய். "எப்போது நடைமுறைக்கு வரும்?" "ஏற்பாடுகள் அரசின் பரிசீலனையில் உள்ளன." "எந்த மாதம்?" "பொருத்தமான மாதம்." அவர்கள் சிரித்தார்கள். என் கட்சிக்காரர் இருவரும்கூட.

சிறையில் இருப்பவர்களை முன்னால் நிறுத்தி விசாரிக்கப் போதிய நீதிபதிகள் இல்லை என்று அமைச்சர் தனியே சொல்கிறார். பொய் இல்லை. சட்டத்தை நிறைவேற்றியபோதும் அது அவருக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். நவம்பர் 22ஆம் தேதி, அன்றைய கூட்டம் முடியும்முன் இதைப் பற்றிப் பேச ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். பதினைந்து நிமிடம் கிடைக்கும். விசாரணை இல்லாமல் உள்ளே கிடக்கும் நாற்பத்து மூன்று பேரின் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படிக்கலாம் என்றிருக்கிறேன்.

கொஞ்சம் களைப்பாக இருக்கிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடு.

யூலாலி ஃபெவ்ரியே


காஸ்ட்ரீஸ்
24 அக்டோபர் 1994

அன்புள்ள மிஸ் ஃபெவ்ரியே,

நலம் என்று எழுதுவதே வழக்கம். எழுதிவிட்டேன்.

அரசிதழ் வரும் ஒவ்வொரு முறையும் முதல் ஆளாகப் பிரிக்கிறேன். மீன்பிடி உரிமங்கள், பெயர் மாற்றங்கள், சாலை மூடல்கள். இல்லை.

வாய்தா இப்போது இருபத்திரண்டு. மூன்று ஞாயிறாக அம்புரோஸ் எங்களைப் பார்க்க வருவதில்லை. நேற்று அம்மா இரண்டு மணி நேரம் வாசலிலேயே நின்றார். கடைசியில் காவலர் வந்து சொன்னார்.

"அவன் வரலங்கறான்மா. சாப்பாட்டக் குடுத்துட்டுப் போங்க."

"ஏன் வரல? காலுல என்ன?"

"கால் நல்லாத்தான் இருக்கு. தண்டன வாங்கினவனுக்கெல்லாம் போற நாள் தெரியுது, எனக்கு நாளே இல்ல, வந்து என்ன பேசறதுன்னு கேக்கறான்."

அம்மா பாத்திரத்தைக் கொடுத்தார். அடுத்த வாரம் பாத்திரம் அப்படியே திரும்பி வரும். போன வாரமும் வந்தது.

நவம்பர் 22ஐ எதிர்பார்த்திருக்கிறேன். அன்று ஒலிப்பதிவுக்கு நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

லியோனிஸ்


மிக்கூ
14 நவம்பர் 1994

அன்புள்ள லியோனிஸ்,

நீ ரேடியோவில் கேட்டிருப்பாய். இருந்தாலும் நானே எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை சீமைப்பலாவைச் சுட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோவில் மரண அறிவிப்புகள் முடிந்தன. அடுத்து என் பெயர் வந்தது. எதிர்க்கட்சித் தலைவரின் ஆலோசனைப்படி தலைமை ஆளுநர் என் நியமனத்தை ரத்து செய்திருக்கிறார். பக்கத்து வீட்டு மார்த்தா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ நர்ஸ், அந்த நேரத்துல பேர் வந்ததும் நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"பாதி சரி" என்றேன்.

இன்று கடிதம் வந்தது. இரண்டு வரி. சேவைக்கு நன்றி என்று அதில் பாதி வரி. எனக்குப் பதிலாகக் கார் விற்கும் ஓர் இளைஞரைப் போட்டிருக்கிறார்கள். நல்ல பையன். அவனுக்கு அம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறேன்.

என் தீர்மானம் விழுந்துவிட்டது. கொடுத்தவர் அவையில் இல்லையென்றால் தீர்மானமும் இல்லை, அதுதான் விதி. மற்ற இருவரிடமும் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். ஒருவர் பார்க்கலாம் என்றார். மற்றவர் பார்க்கவே இல்லை.

ஆறு வருடம். அவர்கள் என்னைப் பேசவிட்டார்கள், அதை மறுக்க முடியாது. பேசியதெல்லாம் உன் கையால் அச்சேறி அலமாரியில் இருக்கிறது. உன் அண்ணன் உள்ளேதான் இருக்கிறான். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரிந்தால் நானே வந்து சொல்லியிருப்பேன்.

இனி எனக்குத் திருத்தப்படாத படிகளை அனுப்ப வேண்டாம். நீ மட்டும் எப்போதாவது எழுது.

யூலாலி


காஸ்ட்ரீஸ்
9 ஜனவரி 1995

அன்புள்ள மிஸ் ஃபெவ்ரியே,

புது வருடம் உங்களுக்கு நல்லதாக இருக்கட்டும். குளிர் நாளில் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குக் கொஞ்சம் சளி. அம்மா இளைத்துப்போயிருக்கிறார். கேட்டால் பாவாடைதான் பெரிதாகிவிட்டது என்கிறார்.

இரண்டு மாதம் எழுதாததற்குக் காரணம், எழுத வேண்டியதை எழுதத் துணிவில்லாததுதான்.

புதிய செனட்டரின் முதல் பேச்சைத் தட்டச்சு செய்தேன். நான்கு நிமிடம். அதில் தலைவருக்கு ஆறு நன்றி. அவைக்குறிப்புப் புத்தகத்தின் கடைசியில் சேர்க்கும் அகரவரிசைப் பட்டியலையும் இந்த முறை என்னிடம் கொடுத்தார்கள். யார் எதைப் பற்றிப் பேசினார், எந்தப் பக்கத்தில் என்று. உங்கள் பெயருக்குக் கீழே மட்டும் மூன்றரைப் பக்கம் வந்தது. பள்ளிக் கிணறுகள், செவிலியர் வீடு, பேருந்துத் தடம், மீனவர் காப்பீடு, சிறை, சிறை, மறுபடி சிறை. மேலாளர் பார்த்துவிட்டு, "இவ்வளவு எதுக்கு, சுருக்கு" என்றார். "பேசினது அவ்வளவு இருக்கு சார்" என்றேன். அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன முதல் வாக்கியம் அது. சுருக்கவில்லை.

நீங்கள் இரண்டு முறை கேட்டும் நான் பதில் சொல்லாத கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

ஜாமீன் கிடைத்தது. 1990 அக்டோபரிலேயே, பிடித்த மூன்றாம் மாதமே, மாஜிஸ்திரேட் கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை. சொந்தக்காரர் அல்லாத ஒருவர், தன் ஒருவர் பெயரில் மட்டும் நிலம் உள்ளவர், நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். டென்னரியில் எங்களைச் சுற்றி இருப்பதெல்லாம் குடும்ப நிலம். பாட்டன் பெயரில் கிடக்கும். முப்பது பேருக்குப் பங்கு உண்டு, ஒருவருக்கும் பத்திரம் கிடையாது. அம்மா கேட்டுப் போன வீடுகளில் எல்லாரும் நல்லபடியாகவே பேசினார்கள். "பையன் நல்லவன்தான். நிலம் என் ஒருத்தன் பேர்ல இல்லையே" என்றார்கள். பத்திரம் இருந்த இரண்டு பேரும், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். நான்கு வருடமாக யோசிக்கிறார்கள். ஆக, அவனை உள்ளே வைத்திருப்பது பூட்டு அல்ல. எங்களுக்குத் தெரிந்தவர்களில் அப்படிக் கையெழுத்துப் போட ஒருவர் இல்லாததுதான்.

1993 நவம்பரில் நில வரி மசோதா வந்தது. பேசும் விஷயத்தில் தனக்கு ஏதாவது சம்பந்தம் இருந்தால் உறுப்பினர் அதைப் பேசும்முன் அறிவிக்க வேண்டும் என்பது அவையின் வழக்கம். நீங்கள் எழுந்ததும், "மிக்கூவில் எனக்கு இரண்டு ஏக்கர் தென்னை இருக்கிறது, என் ஒருத்தி பெயரில், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்" என்றீர்கள். அதைத் தட்டச்சு செய்தது நான். உங்களுக்கு முதல் கடிதம் எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.

அன்றே கேட்டிருக்கலாம். கேட்டு, நீங்களும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒன்பதாம் பிரிவுக்கு எழும் ஒவ்வொரு முறையும் 'சிறையில் ஒருவனுக்கு நான் ஜாமீன் நிற்கிறேன்' என்று அறிவித்துவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கும். அதன்பின் நீங்கள் என்ன சொன்னாலும் தன் ஆளுக்காகப் பேசுகிறாள் என்றிருப்பார்கள். அம்புரோஸைப் போல உள்ளே நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள் என்று நீங்கள் பட்டியல் வைத்திருந்தீர்கள். சட்டம் வந்தால் எல்லாரும் வருவார்கள், நான் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். இது பாதிக் காரணம். மீதி, வெட்கம். எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். படித்தவள் போய் யாரிடமும் நிற்கக் கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒரு நினைப்பு.

இப்போது நீங்கள் எழுந்து யாருக்கும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை.

மறைக்காமல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வழக்கு அழைக்கும் நாளில் அவன் வராவிட்டால் உங்கள் நிலம் நீதிமன்றத்துக்குப் போகும். வருவான் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. இப்போது அவன் எங்களைப் பார்க்கவே வருவதில்லை. இருபத்து நான்கு வாய்தாவுக்கும் கைவிலங்கோடுதான் போனான். விலங்கு இல்லாமல் எப்படிப் போவான் என்று அவனுக்கே தெரியாது. நீங்கள் முடியாது என்றால் நான் உங்களுக்கு எழுதுவதை நிறுத்த மாட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை, 18ஆம் தேதி, காலை ஒன்பது மணிக்கு நீதிமன்றப் பதிவாளர் அலுவலகம் திறக்கும். நிலப் பத்திரமும் அடையாள அட்டையும் வேண்டும். மாடிக்குப் போக வேண்டியதில்லை, கீழ்த்தளம்தான், பார்த்துவிட்டு வந்தேன். வந்து எங்கள் அம்புரோஸுக்காக ஒரு கையெழுத்துப் போடுவீர்களா?

லியோனிஸ்